கொளஞ்சியப்பன் கூட்டி வந்த சாட்சிகள்

"தடவி ஆறுனவங்க ஒருத்தர் நேர்ல வந்து சொல்லட்டும். அப்பறம் உன் களிம்பக் கடையில வெக்கிறேன்" என்று நெல்லிக்குப்பம் மருந்துக்கடை ராமாமிர்தம் கறாராகச் சொல்லிவிட்டார்.

சத்யப்பிரியாவுக்குத் திக்கென்றது. பார்த்த வேலையை விட்டுவிட்டு, கடலூரில் தன் சமையலறையிலேயே வேப்பெண்ணெய், மஞ்சள், குப்பைமேனி, தேன்மெழுகு போட்டுக் களிம்பு காய்ச்சுகிறவள் அவள். இந்தக் கடையும் கைவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

சாட்சிக்கு எங்கே போவது? அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பெண்கள், நாற்றம் தாங்காமல் டப்பாக்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மிச்சம், ஞாயிறு தவறாமல் உழவர் சந்தையில் நான்கு டப்பா வாங்கும் கொளஞ்சியப்பன் ஒருவர்தான். புண்ணியவான். அவருக்கு போன் போட்டாள்.

"எனக்கு ஏதும்மா புண்ணு? நம்ம பசங்க ரெண்டு பேருக்குந்தான். கழுத்துல ஒராஞ்சி ஒராஞ்சி தோலு வழண்டு போச்சி. ஒங்க களிம்புலதான் ஆறிச்சி."

"கழுத்துலயா? அப்படி என்ன வேலை?"

"ஆலைக்குக் கரும்பு லோடு இழுக்குறானுங்க."

"என்ன வயசு?"

"பெரியவனுக்கு ஏழு, சின்னவனுக்கு அஞ்சு."

"அஞ்சு வயசா?" என்றாள் சத்யப்பிரியா.

"பெரியவன் தங்கம். சின்னவன்தான் பாதி வழியில படுத்துக்குவான். ரெண்டு தட்டு தட்டுனா எழுந்துருவான்" என்றார் அவர், வெகு சாதாரணமாக.

போனை வைத்துவிட்டு அழுதாள். கிடைத்த ஒரே சாட்சி. வாயை மூடிக்கொண்டிருந்தால் களிம்பு கடையேறிவிடும். ஆனால் மனசு கேட்கவில்லை. குழந்தைகள் உதவி மையத்துக்குப் புகார் சொன்னாள்.

அங்கிருந்த ஜான்சி மேடம் கேட்டார். "ஆளு எந்தத் தெரு?"

அது தெரியாதே! மறுபடியும் கொளஞ்சியப்பனுக்கே போன் போட்டாள். "நாளைக்கு ரெண்டு பேரையும் ராமாமிர்தம் கடைக்குக் கூட்டியாங்க. புண்ணு ஆறுனதக் காட்டணும்."

"அதுக்கென்ன, வந்துடறேம்மா."

ஆள் தப்பித்துவிடக் கூடாதே என்று ராமாமிர்தத்திடமும் விஷயத்தைச் சொல்லிவைத்தாள். அவர் கொதித்துப்போய்த் தெருவையே கூட்டிவிட்டார். மறுநாள் கடை வாசலில் தேர் பார்க்க வந்த மாதிரி கூட்டம். ஜான்சி மேடமும் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

பத்து மணிக்குக் கொளஞ்சியப்பன் சிரித்த முகமாகத் தனியாக வந்தார்.

"பசங்க எங்கய்யா?" என்றார் ஜான்சி.

"அந்த முக்குல, வேப்ப மரத்தாண்ட கட்டிப் போட்டுருக்கேன் மேடம்."

"கட்டி வேற போட்டுட்டியா!" ராமாமிர்தம் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

சத்யப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள். களிம்பும் போச்சு, கடையும் போச்சு. பிள்ளைகளாவது பிழைக்கட்டும்.

கொளஞ்சியப்பன் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"கட்டாம எப்பிடிங்க? கழுத்த நல்லாப் பாத்துக்குங்க, ஆனா நேரா முன்னாடி மட்டும் போயி நிக்காதீங்க. சின்னவன் கொம்பால முட்டிடுவான்."