வார்டு சாயாமல் காத்தவர்

பூமி ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடாதபடி காவல் புரிந்த ஒரே மனிதரை நான் அறிவேன். யுத்த காலத்தில், தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில், எனக்கு எதிர்க்கட்டிலில் அவர் படுத்திருந்தார். எல்லோருக்கும் அவர் ‘பரிசல்’தான்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். ஒருநாள் அது கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்கள் கரை சேர்ந்தார்கள். இவருடைய கால் பாறையில் மோதி முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. அச்சம் மட்டும் ஆற்றிலிருந்து அவரோடு கூடவே வந்துவிட்டது. தரையும் பரிசலைப் போலச் சாயும் என்று உறுதியாக நம்பினார்; கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

ஆகவே வார்டின் பாரத்தை அவரே பங்கிட்டார். மருந்து அலமாரியை மேற்கே நகர்த்தச் செய்தார். பருத்த நர்ஸ் உள்ளே வந்தால் டாக்டரும் தப்ப முடியாது.

“டாக்டரய்யா, அந்தாண்ட போங்க! நர்சம்மா இந்தாண்ட வந்துட்டாங்க, சாயுது பாருங்க!”

“என் ஒடம்பைக் கேலி பண்றியா?” என்றார் நர்ஸ்.

“பாரத்தைச் சொன்னனுங்க. கொறை சொல்லலீங்க.”

டாக்டர் எதிர்ச்சுவர் ஓரம் போய் நிற்பதை நான் பிரமிப்போடு பார்த்தேன்.

என் தொடை எலும்பும் கூடியிருந்தது. நான் வண்டியிலிருந்து விழுவதற்கு ஒரு மாதம் முன்பு என் மனைவி காலமானாள். வார்டு முழுவதும் அதை அறியும்; ஒருவரும் பேசவில்லை. எழுந்து நடந்து எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தே கிடந்தேன். இனியும் நடக்காவிட்டால் எங்கள் இருவர் முழங்காலும் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தார்.

அன்று பரிசல் கூப்பிட்டார். “வாத்தியாரே, நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிப்பனுங்க. ஒத்தையா நின்னா கவுந்துருமுங்க.”

“என்னால முடியாதப்பா.”

“உங்களுக்கு வேண்டாமின்னா விடுங்க. என் காலுக்காவ நில்லுங்க.”

கல்லூரியில் தர்க்கம் கற்பித்த நான் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தேன். நின்றேன். அவரும் நின்றார். அவர் கிழக்கே ஓரடி வைத்தால் நான் மேற்கே ஓரடி. மூன்று வாரம் அப்படியே நடந்தோம். நர்ஸ்கூடக் குறுக்கே வர அஞ்சினார்.

வீடு திரும்பும் நாளில்தான் சங்கடம். வாசல் ஒன்று, இருவரும் ஒரே பக்கம் போயாக வேண்டும். பரிசல் நிலைப்படியில் நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு என் கையை எட்டிப் பிடித்தார்.

“கரைக்கு வந்துட்டா பாரம் பாக்க வேண்டாமுங்க. வாங்க.”

படியிறங்கினோம். வெயிலில் நின்றவாறே, “வாத்தியாரே, வூட்டம்மா பேரு என்னங்க?” என்றார்.

அவள் போனபின் அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன்.