சம்பத் பூனை பழக்கிய கதை

பூனைகளைப் பழக்கியே தீருவது என்று சம்பத் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நசரத்பேட்டை பஸ் நிறுத்தத்தில். ராணுவ டாங்கிக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுக்கிற கைக்கு ரெண்டு பூனை எம்மாத்திரம் என்று நினைத்தான். நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும் என்பார்கள். அதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு அவன் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை.

ஆள் இல்லாததுதான் அவனுடைய கஷ்டமே. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீடு. மனைவி வனஜா தலைப்பிரசவத்துக்கு நசரத்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாசமாகிறது. பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள். ஷிப்டு முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். யாராவது அதை எடுத்து நகர்த்தி, "குடிச்சா கழுவி வெக்கத் தெரியாதா?" என்று கேட்டால்கூடத் தேவலை என்று இருக்கும் அவனுக்கு.

பூனைகள் இருந்தனவே என்றால், அவை வனஜாவின் பூனைகள். கறுப்பி ஒன்று, மந்திரி ஒன்று. ரெண்டும் ராத்திரியில் அவள் கால்மாட்டில் படுக்கும். சம்பத் கிட்டே போனால் சீறும். அந்த வீட்டில் அவனுக்கு நாலாவது இடம். குடும்பத் தலைவன் என்பதெல்லாம் ரேஷன் கார்டோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் பஞ்சவர்ணம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"அஞ்சாம் மாசந்தான் அனுப்புவேன் மாப்ளே. பூனை கீற ஊட்டுக்குப் பச்சப் புள்ளயத் தூக்கினு வர முடியுமா? மூஞ்சி மேல ஏறிப் படுத்துக்கும்."

"அதுங்கள எங்கனா கொண்டுபோய் உட்டுடறேன் அத்தே."

"உட்டீங்கன்னா நான் ஏழாம் மாசந்தான் வருவேன்" என்றாள் வனஜா, குழந்தையை மடியில் போட்டபடி.

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"பழக்குங்க. ஒழுங்காப் பழகிடுச்சுன்னா மூணாம் மாசமே வந்துடறேன். தூளி கட்டுங்க. உள்ள அம்மிக் குழவிய வெச்சு ஆட்டுங்க. பூனை ஏறுச்சுன்னா எறக்கி உடுங்க. சோறு உங்க கையாலதான் போடணும். ராத்திரி உங்க பாயிலதான் படுக்க வெச்சுக்கணும்."

"என் பாயிலயா?"

"பின்ன? தனியா உட்டா ஏங்கிப் போயி தூளியில ஏறும்."

அவன் ஏங்கிப் போனதைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. குழந்தையைக் கொஞ்ச நேரம் கொடு என்று கையை நீட்டினான். "தூங்குது மாப்ளே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் மாமியார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

திங்கட்கிழமையே வேலை ஆரம்பமாகிவிட்டது. வனஜாவின் பழைய புடவையை உத்தரக் கொக்கியில் கட்டினான். குழவியைக் கழுவித் துடைத்து, தன் பனியனைச் சுற்றி உள்ளே போட்டு ஆட்டினான். கறுப்பி அவன் முழங்கையைப் பிறாண்டியது. மந்திரி ஒரே தாவாகத் தாவித் தூளிக்குள் ஏறி, குழவி மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. இறக்கிவிட்டான். ஏறியது. இறக்கிவிட்டான். மாமியாரே மறுஜென்மம் எடுத்து வந்தாற்போல ஏறியது. மாமியார்தான் உயிரோடு இருக்கிறாரே என்று அப்புறம் தோன்றியது.

பக்கத்து வீட்டு கெங்கம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"இன்னாப்பா சம்பத்து, கல்லப் போட்டுத் தாலாட்டினு கீறே. ஒடம்பு நல்லாத்தானே கீது?"

"பூனைக்குப் பாடம் நடத்தறேன்கா."

"சரி, பாட்டு எதுக்கு?"

"புள்ள கீற ஊடு மாதிரி இருக்கணும்ல."

"நல்லாக் கீது போ. கல்லுக்குப் பால் கரைக்காம உட்டியே, அது வரைக்கும் சந்தோசம்."

கெங்கம்மாள் போன பிறகு பூனைகள் ரெண்டும் தூங்கிவிட்டன. சம்பத் மட்டும் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிடும் என்று பயமாக இருந்தது.

தினமும் நெத்திலி வாங்கி வந்தான். முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்து கையால் ஊட்டினான். ரெண்டாவது வாரம் சீறுவது நின்றது. மூன்றாவது வாரம் பாயில் ஏறின. நாலாவது வாரம் ஷிப்டு சங்கு ஊதினால் ரெண்டும் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தன. சூப்பர்வைசர் பேசின பேச்சையெல்லாம் அவன் அவற்றிடம் சொல்லுவான். ரெண்டும் பதில் சொல்லாது, ஆனால் பாதியில் எழுந்தும் போகாது. கல்யாணமான நாளாக இப்படி அவன் பேச்சை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

கெங்கம்மாள் ஒரு நாள் நசரத்பேட்டைக்குக் குழந்தையைப் பார்க்கப் போய் வந்தாள்.

"தூளியப் பத்தி வனஜா கேக்கவே இல்லப்பா. பூனைங்க அவருகூடப் படுக்குதான்னு மட்டுந்தான் கேட்டா. ரெண்டும் அவன உட்டு நகர்றதே இல்லன்னேன். ஒடனே அவங்கம்மா வெள்ளிக்கெயம நல்ல நாள்னு சொல்ட்டாங்க."

சம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை ரெண்டு தடவை கழுவிவிட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டோ வந்தது. குழந்தையோடு வனஜா இறங்கினாள். துணைக்குப் பஞ்சவர்ணமும் பெட்டியோடு இறங்கினார். கெங்கம்மாள் ஆலம் சுற்றினாள். உள்ளே வந்ததும் வனஜா, "கறுப்பி, வா" என்று கூப்பிட்டாள். கறுப்பி அவளை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து சம்பத்தின் காலில் உரசிக்கொண்டு நின்றது. அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. வனஜா கோபித்துக்கொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

பிறகு அவனுடைய பாயையும் தலையணையையும் சுருட்டி, பின்பக்க வராண்டாவில் கொண்டுபோய் விரித்தாள்.

"பாயி எதுக்கு வெளிய?"

"பூனைங்களுக்கு."

"பூனைக்கு எதுக்கு என் பாயி?"

"இத்தினி நாளு அதுங்க என்கூடப் படுத்துதுங்க. வெளிய தள்ளிக் கதவச் சாத்துனா ராவெல்லாம் பிறாண்டும். நான் வெளிய படுத்தாத்தான் அதுங்களும் படுக்கும். பச்சப் புள்ளய வெச்சுகினு நான் படுக்க முடியுமா? அதான் உங்ககூடப் பழக்கச் சொன்னேன்."

"அப்ப தூளி, குழவி அதெல்லாம்?"

"அது இல்லாகாட்டி நீங்க அதுங்களக் கிட்ட சேத்திருப்பீங்களா?"

அவன் யோசித்துப் பார்த்தான். சேர்த்திருக்க மாட்டான்.

"எத்தினி நாளைக்கு?"

"புள்ள எழுந்து நடக்கட்டுங்க. அப்பறம் பாக்கலாம்."

வராண்டாவில் போய் உட்கார்ந்தான். வாலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டன. உள்ளே பேச்சும் சிரிப்புமாக வீடு கலகலவென்று இருந்தது. அஞ்சு மாசமாக எந்தச் சத்தத்துக்கு ஏங்கினானோ அந்தச் சத்தம், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அப்போது குழந்தை வீறிட்டது. சம்பத் தடதடவென்று எழுந்து போய்க் கதவில் கை வைத்தான்.

"உள்ள வராதீங்க மாப்ளே" என்று குரல் கொடுத்தார் மாமியார். "நீங்க வந்தா அதுங்களும் வரும்."