ஓம், ஸ்டெப்பன் தெரியும்

“யா, யா” என்று இரண்டு தரம் தலையை ஆட்டிய பிறகுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று சச்சிதானந்தன் யோசித்தார்.

சுவிட்சர்லாந்தில் துன் ஏரிக்கரையில் இருந்த அந்த ஹோட்டலின் முதலாளியம்மா ஃப்ராவ் கெர்பர் அதற்குள் தன் அறைக்குத் திரும்பிவிட்டார். கோடை முடிகிறது, கோப்பை கழுவுகிற நாலு பேரில் ஒருவருக்குத்தான் குளிர்காலத்தில் வேலை என்று சொல்லிவிட்டு, அவர்களில் சச்சிதானந்தனிடம் மட்டும் ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உங்களுக்கு ஸ்டெப்பன் தெரியுமா?

ஸ்டெப் என்றால் இங்கிலீசில் படி. ஹோட்டலுக்கு மூன்று மாடி. படி கழுவத் தெரியாத மனிதன் உலகத்தில் உண்டா?

வேலை இருந்தால்தான் ஃப்ராவ் கெர்பர் கடிதம் தருவார். கடிதம் இருந்தால்தான் வேலை அனுமதியைப் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் திரும்பவும் அகதி முகாம்தான். அங்கே நாலு மாதம் இரும்புக் கட்டிலில் சும்மா கிடந்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் தையற்கடை வைத்திருந்த மனிதர், சும்மா இருந்து பழக்கமில்லை.

அடுத்த நாள் காலையில் யாரும் கேட்காமலே மூன்று மாடிப் படிகளையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். ஃப்ராவ் கெர்பர் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“நைன், நைன். இதில்லை. ஸ்டெப்பன்” என்றார். அடுத்த வாரம் சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்துக்கு வரவேண்டும், எவ்வளவு வேகம் என்று பார்க்கவேண்டும், மெசின் அங்கே தயாராக இருக்கிறது என்று ஆறுதலாகச் சொன்னார். பிறகு இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் தட்டிக் காட்டினார்.

சச்சிதானந்தன் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பாதத்தைத் தட்டிப் படி கழுவுகிற ஊர் எது?

அறையில் அவரோடு இருக்கும் இராஜேந்திரன் மூன்று மாதம் ஜெர்மன் வகுப்புக்குப் போனவன். ஆகவே அந்தக் கட்டடத்தில் தமிழருக்கெல்லாம் அவன்தான் பேராசிரியர். அகராதியைத் திறந்தான், ஒரு வரி வாசித்தான், மூடினான்.

“அண்ணை, மனுசிட அறையில என்ன படம் தொங்குது?”

“பழைய ஹொலிவுட் படம். வால் வைச்ச கோட்டுப் போட்ட ஒருத்தன் கோலோட ஆடுறான்.”

“அதுதான். ஸ்டெப்பன் எண்டால் சப்பாத்தால தட்டித் தட்டி ஆடுற டான்ஸ். குளிர்காலத்தில சனம் வராது. விருந்தாளியளுக்கு ஆடிக் காட்ட ஆள் தேடுறா.”

“அப்ப மெசின்?”

“பாட்டுப் போடுற மெசின்.”

எல்லாம் பொருந்திவிட்டது. சச்சிதானந்தன் கட்டிலில் உட்கார்ந்தார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறார். அவர் இரண்டு காலையும் அல்லவா விட்டிருக்கிறார்.

“நான் கோயில் திருவிழாவில காவடிக்குக் கூட ஆடினதில்லையடா. செல்வராணியிட்ட ஒருக்கா விளங்கக் கேப்பமோ?”

செல்வராணி அதே ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற பெண். ஜெர்மன் நன்றாகக் கதைப்பாள்.

“அவளிட்டக் கேட்டால் பின்னேரத்துக்குள்ள முழு துன்னுக்கும் தெரியும். நீங்கள் கால் நோகுது எண்டு சொல்லிப்போடுங்கோ.”

சொன்னார். ஃப்ராவ் கெர்பரின் முகம் வாடிவிட்டது. கால் இல்லாமல் இந்த வேலை சரிவராதே, வேறு ஆளைத்தான் பார்க்கவேண்டும் என்றார். அந்த இடத்திலேயே சச்சிதானந்தனுக்குக் கால் சுகமானது. நம்பவைப்பதற்காக இரண்டு தரம் துள்ளியும் காட்டினார்.

இனி ஆடியே தீரவேண்டும். இராஜேந்திரன் சூரிச்சுக்கு ரயில் ஏறி, லாங்ஸ்ட்ராஸ என்ற தெருவில் இருந்த தமிழ்க் கடையில் ஒரு வீடியோ கசெட் வாங்கி வந்தான். இரண்டு வருடமாக யாரும் தொடாத பழைய ஹொலிவுட் ஆட்டப் படம், கடைக்காரர் திருப்பித் தரவே வேண்டாம் என்றாராம்.

பாடம் படிக்கத்தான் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் சச்சிதானந்தன் குறிப்பெடுக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார். படத்தில் ஒருவனுக்கு வேலை போகிறது, அவன் ஆடுகிறான். வீட்டுக்காரன் பெட்டியை வெளியே எறிகிறான், அந்தப் பெட்டியின் மேலே ஏறி ஆடுகிறான். சச்சிதானந்தன் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடத்தில் பயமில்லாமல் இருந்தது அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். முடிந்ததும் பயம் வந்துவிட்டது. ஆகவே திரும்பவும் போட்டார்கள்.

“வேலை போனவன் எப்பிடியடா இவ்வளவு சந்தோசமா ஆடுறான்?”

“அவனுக்கு என்ன, வீசா இருக்கு.”

சப்பாத்தின் அடியில் சில்லறைக் காசுகளை ஒட்டினார்கள். முதல் நாள் கீழ் வீட்டுக் கிழவர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் தட்டினார். இராஜேந்திரன் அதைத் தாளம் என்று நினைத்து, “இன்னும் வேகமாம், அண்ணை” என்றான். இரண்டாம் நாள் கட்டடப் பொறுப்பாளரின் கடிதம் வந்தது. இன்னொரு தரம் சத்தம் கேட்டால் அறையைக் காலி செய்யவேண்டும்.

இப்போது வேலையோடு வீடும் ஆட்டம் கண்டது. நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இடத்துக்குப் போனார்கள். அங்கேயும் சட்டம். அவரவர் முறை நாளில், தோய்க்கிறவர்கள் மட்டும் நிற்கலாம். அவர்களின் முறை புதன்கிழமை. காலையிலிருந்து இருந்த உடுப்பையெல்லாம் ஐந்து தரம் தோய்த்தார்கள். யந்திரம் சுழலச் சுழல சச்சிதானந்தன் ஆடினார். யந்திரம் உடுப்புப் பிழியத் தொடங்கினால் அவருடைய கால்களும் தலைதெறிக்க ஓடின, அது நின்றால் அவரும் நின்றார். பின்னேரம் உடுப்பெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. இராஜேந்திரனின் சேர்ட் தொப்புளுக்கு மேலே நின்றது.

“நிலம் சரியில்லையடா. வழுக்குது.”

“ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்” என்றான் இராஜேந்திரன், சேர்ட்டைக் கீழே இழுத்தபடி.

ஆட்டம் வராவிட்டால் கோலமாவது வரட்டும் என்று சச்சிதானந்தன் முடிவு செய்தார். தன் ஒரே கறுப்புக் கோட்டை வெட்டி, பழைய காற்சட்டைத் துணியை ஒட்டுப் போட்டு, பின்னால் இரண்டு வால் வைத்து, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் கையாலேயே தைத்தார். அந்த இரண்டு நாளும் கசெட்டைப் போட்டுப் பார்க்கவே மறந்துவிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, சச்சிதானந்தன் அந்த வால் கோட்டோடு வர, இருவரும் மண்டபத்துக் கதவைத் திறந்தார்கள். ஃப்ராவ் கெர்பருக்குப் பக்கத்தில் செல்வராணியும் துப்புரவாக்குகிற மற்றப் பெண்களும் வரிசையாக நின்றார்கள். சுவர் ஓரமெல்லாம் படுக்கைப் போர்வைகள் குவிந்திருந்தன. மூலையில் ஏதோ ஒன்று வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது.

“போர்வை என்னத்துக்கடா?”

“சத்தம் வெளியில போகாமல். விசயம் தெரிஞ்ச மனுசி” என்றான் இராஜேந்திரன். கையோடு கொண்டுவந்த கசெட் ரேடியோவை மேசையில் வைத்து அழுத்தினான்.

ஃப்ராவ் கெர்பர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சச்சிதானந்தன் ஆடினார். இடது கால் போகவேண்டிய இடத்துக்கு வலது கால் போனது. ஒரு பத்துச் சதக் காசு கழன்று பறந்து யன்னலில் பட்டது. முகாமின் இரும்புக் கட்டில் கண்முன்னே வந்தது. வரட்டும் என்று அதன் மேலேயும் ஏறி ஆடினார். படத்தில் வந்தவனைப் போலவே, காரணமில்லாமல், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் திகைத்து நின்ற ஃப்ராவ் கெர்பர் மெல்லத் தலையை ஆட்டினார். பிறகு கையைத் தட்டினார். பிறகு, ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பது போல, அறுபது வயது மனுசி பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்து தட்டத் தொடங்கினார். அவர்தான் உண்மையில் நன்றாக ஆடினார்.

பாட்டு முடிந்தது. சச்சிதானந்தன் மூச்சு வாங்கியபடி தீர்ப்புக்குக் காத்து நின்றார். ஃப்ராவ் கெர்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். கோட்டின் வாலைத் தூக்கினார், உட்பக்கத்தைத் திருப்பினார், விளிம்பை நகத்தால் இழுத்துப் பார்த்தார். பிறகு செல்வராணியிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

“என்னவாம், பிள்ளை? வேலை இல்லையாமோ?” என்று சச்சிதானந்தன் கேட்டார்.

செல்வராணி மூலையில் இருந்த வெள்ளைத் துணியை இழுத்தாள். உள்ளே காலால் மிதிக்கிற பழைய தையல் மெசின் ஒன்று நின்றது.

“வேலை உங்களுக்குத்தானாம், அண்ணை. ஆட்டமும் அந்தமாதிரி, நல்லாப் பிடிச்சுதாம். ஆனால் வேலைக்கு நிரப்பின போமில தையல்காரன் எண்டு எழுதியிருந்தபடியால், இந்தக் கிழிஞ்ச போர்வையளை மெசினில தைக்கத் தெரியுமோ எண்டுதானாம் அவ கேட்டவ. ஜெர்மனில ஸ்டெப்பன் எண்டு இப்பிடித் தைக்கிறதையும்தானே சொல்லுறது.”