எந்தப் பாஷையில தப்பிந்தி?

திருப்பதியில் சமீப காலத்தில் பத்தாவது முடித்த பிள்ளைகளில் பாதிப் பேர் உருப்பட்டதற்கு ரூட் சார்தான் காரணம். மீதிப் பாதிப் பேர் உருப்பட்டதற்கு, அவர் பேச்சைக் கேட்காமல் ஓடியது காரணம். இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் கிடையாது. அவரிடம் யோசனை கேட்டுவிட்டு, வந்தது போலவே வீட்டுக்குத் திரும்பிய ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. அவர் மனைவியே பள்ளி ஆபீசுக்குப் போன் செய்தால், "ரூட் சார் உன்னாரா?" என்றுதான் தெலுங்கில் கேட்பார், ரூட் சார் இருக்கிறாரா என்று.

நான் திருத்தணிக்காரன். திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்த முதல் நாள், பள்ளி பஸ்ஸில்தான் அவரைச் சந்தித்தேன். அப்போது அவர் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டியின் மேல் துண்டு விரித்து, அந்த பஸ்ஸே தன் கல்யாணத்துக்கு வந்த சீர் என்பது போல உட்கார்ந்திருந்தார். சந்திரகிரி தாண்டி ஒரு வளைவு. இடப்பக்கம் காலை வெயிலில் மலையும் கோட்டையும் ஜொலித்தன. ரூட் சார் எழுந்து நின்று, "ப்ரமாதம்! ப்ரமாதம்!" என்று கத்தினார். புது ஆள் நான்; மரியாதைக்கு ஜன்னல் பக்கம் பார்த்து, "ஆமா சார், ரொம்பப் பிரமாதம்" என்றேன். டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஒரு கரும்பு லாரி எங்களை உரசாத குறையாகப் போனது. என் டிபன் பாக்ஸ் மூன்றாவது சீட்டுக்குப் போய்விட்டது.

ரூட் சார் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், தெலுங்குல ப்ரமாதம்னா டேஞ்சரு. லாரி வந்துகினு கீது, நீங்க மலைய ரசிச்சிக்கினு கீறீங்க!"

அன்றிலிருந்து பள்ளியில் எனக்குப் பெயர் 'பிரமாதம் சார்'. பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ரூட் சார், தான் சொல்லவில்லை என்று எல்லாச் சாமி மேலும் சத்தியம் செய்துவிட்டார். ஏழு மலைக்கு அடியில் இருந்துகொண்டு அவ்வளவு தைரியமாகப் பொய்ச் சத்தியம் செய்யும் ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

அவர் எப்படிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியானார் என்பது தனிக் கதை. பக்கத்துப் பள்ளிக்காரர்கள், பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிக்கலாம் என்று சொல்லித் தர ஒரு கவுன்சிலர் வைத்திருப்பதாக வாசலில் பேனர் கட்டினார்கள். எங்கள் கரஸ்பாண்டென்ட்டுக்குத் தூக்கம் போயிற்று. நமக்கும் ஒரு கவுன்சிலர் வேண்டும், ஆனால் சம்பளம் கூடாது. வாத்தியார்கள் எல்லோருக்கும் வகுப்பு இருந்தது. காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவில் சும்மா இருந்தவர் ரூட் சார் ஒருவர்தான். வேலை முடிந்தது.

பழைய டயர்கள் போட்டு வைத்திருந்த அறையை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் டயர்களை வெளியே போடவில்லை. யோசனை கேட்க வரும் பிள்ளை டயரில் உட்கார வேண்டும். கூட வரும் அப்பாவுக்கு இன்னொரு டயர். பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயின்டால் சுவர் முழுக்க ஒரு ரூட் மேப் வரைந்தார். கீழே பெரிய வட்டத்தில் 'டென்த்'. அங்கிருந்து கோடு கோடாக, நம் பிளஸ் டூ மாதிரியான இன்டர்மீடியட் குரூப்புகள், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாம் பிரிந்து போயின. வழியில் நுழைவுத் தேர்வுகளுக்கெல்லாம் செக்போஸ்ட் படம்.

"எம்பிசி எக்ஸ்பிரஸ் பஸ் நைனா. கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரின்னு நேரா போவும். நடுவுல ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னாகூட நிக்காது."

"பைபிசி சார்?"

"அது திருமலை காட் ரோடு. டாக்டரு ஆவலாம். ஆனா மேல போய் சேர்றதுக்குள்ள பாதி பேரு வாந்தி எடுப்பான். உனுக்கு எப்டி, பஸ்ல வாந்தி வருமா?"

பையன் வரும் என்றான். பைபிசி கேன்சல்.

இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரை வேறு வேறு குரூப்புக்குப் பிரித்து அனுப்பினார். ஒரே ரூட்டில் ஒரே நேரத்துக்கு இரண்டு பஸ் விட்டால் கலெக்‌ஷன் படுத்துவிடுமாம். பிள்ளைகள் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஒருவர் அழுதார்கள். பிறகு இருவரும் வாரத்துக்கு ஒரு முறை இடம் மாறி ரெண்டு காலேஜுக்கும் போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ரூட் சாரிடம் கேட்டேன். "பர்மிட்டு ஒண்ணுதானே சார், வண்டி எதுவா இருந்தா இன்னா?" என்றார்.

பிள்ளையின் திறமையை அளக்க அவர் வைத்த பரீட்சையும் பஸ்ஸில்தான். ஏறி எங்கே உட்காருகிறான் என்று பார்ப்பார். யார் யார் ஏறவில்லை என்று எண்ணிச் சொல்கிறவனுக்குக் காமர்ஸ். சண்டை போட்டு ஜன்னல் சீட்டு பிடிக்கிறவனுக்கு வக்கீல் படிப்பு. உட்கார்ந்ததும் தூங்குகிறவனுக்குக் கவர்மென்ட் வேலை. அதுவும், தன் ஸ்டாப் வந்ததும் யாரும் எழுப்பாமல் முழித்துக்கொண்டால் மட்டும்தான். இந்தப் பரீட்சைக்கு ஏதாவது அடிப்படை உண்டா என்று நான் கேட்டபோது, உங்கள் ஊர்ப் பரீட்சைக்கு என்ன அடிப்படை என்று திருப்பிக் கேட்டார். நான் விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஒரு முறை பெரிய ஜூனியர் காலேஜ் ஒன்றின் ஆள் டை கட்டிக்கொண்டு பிள்ளை பிடிக்க வந்தார். ரேங்க் வாங்கியவர்களின் போட்டோ போட்ட பளபள காகிதத்தை மேசையில் விரித்தார். ரூட் சார் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இவங்க எல்லாம் சீட்ல உக்காந்து வந்தவங்க. படிக்கட்டுல தொங்கிக்கினு வந்தவங்க போட்டோ எங்க சார்?"

வந்தவர் டயரிலிருந்து எழுந்திருக்கவே சிரமப்பட்டார். அதற்கு டயரும் ஒரு காரணம்.

அவருக்கு மூன்று பாஷை. சந்தோஷம் வந்தால் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ், துக்கம் வந்தால் தாய்மொழியான தெலுங்கு. எந்தப் பாஷையிலும் ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. அது 'ஃபெயில்'.

"ஃபெயிலுன்றது பிரேக்குக்கு சொல்ற வார்த்தை சார். புள்ளைக்கு சொல்லலாமா? பிரேக் ஃபெயிலுன்னா வண்டிய வுட்டு குதிக்கணும். புள்ளைய வுட்டு எங்க குதிக்கறது?"

அதனால் தெலுங்கில் 'தப்பிந்தி' என்பார். குறி தவறிப் போயிற்று என்கிற மாதிரி மெத்தென்ற வார்த்தை. நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் ஒரு தெருவுக்கே ஸ்வீட் வாங்கிக் கொடுத்தது.

ஹேமா என்று ஒரு பெண். அவள் குடும்பம் அரக்கோணத்திலிருந்து வந்தது. அப்பாவுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருவார். ஹேமா பள்ளி பஸ்ஸில் முதல் சீட்டில்தான் உட்காருவாள். கண் முழுக்க கியரிலேயே இருக்கும். ஒரு நாள், "அண்ணா, கிளட்ச் சத்தம் மாறிக்கீது" என்றாள். டிரைவர் சிரித்தார். மறுநாள் வண்டி ரேணிகுண்டா ரோட்டில் படுத்துவிட்டது. ரூட் சார் அன்றைக்கே சுவரில் பாலிடெக்னிக் கோட்டின் மேல் 'ஆட்டோமொபைல் - ஹேமா' என்று எழுதிவிட்டார். அவளும் அந்த எழுத்தைத் தினம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

பஸ்ஸில் முதல் சீட்டு, ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்ச். முதுகுக்குப் பின்னால் யாராவது நின்றால் அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்து போகும். சுவரோரம் உட்கார்ந்தால் கணக்கில் புலி. பொதுத்தேர்வில் ஹால் டிக்கெட் நம்பர் அவளை நட்ட நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தது. கணக்குப் பரீட்சை அன்று மேற்பார்வையாளர் அவள் பின்னால் நின்று காற்று வாங்கியிருக்கிறார்.

அப்பா முன்பே சொல்லி வைத்திருந்தார்: பாஸ் ஆகவில்லை என்றால் இந்த ஊரே வேண்டாம், அரக்கோணத்தில் அத்தை வீட்டில் இருந்து நம் பாஷையில் முதலிலிருந்து படிக்கட்டும். அப்படிப் போனால் ஒரு வருஷமும் போகும், அந்தச் சுவர் எழுத்தும் போகும்.

ரிசல்ட் வந்த அன்று இணையதளம் திறக்கவில்லை. ஹேமாவின் அம்மா பொறுக்க முடியாமல் பள்ளி கேட்டுக்கே வந்து நின்றார். ரூட் சார் எப்படியோ போனில் பார்த்துவிட்டார். பார்த்ததும் துக்கம், துக்கம் வந்ததும் தெலுங்கு. கேட்டுக்குப் போய் மெதுவாகச் சொன்னார்: "லெக்கல்லோ தப்பிந்தம்மா."

லெக்கலு என்றால் கணக்கு என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதுவரைதான் அவருக்குத் தெலுங்கு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டமாக ஓடினார். பாவம், அழுவதை நாம் பார்க்கக் கூடாது என்று போகிறார் என்றார் ரூட் சார்.

சாயங்காலம் ஆறுதல் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தமிழில் துக்கம் பேச அவருக்கு வராதாம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தோம். வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர், ஒரே சிரிப்பு. அம்மா தட்டோடு வந்து எங்கள் கையில் ஆளுக்கு ஒரு மைசூர்பாகை வைத்தார். ரூட் சார் மறுக்கத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு என் காதில் கேட்டார்:

"தப்பினா ஸ்வீட்டு குடுக்கறது உங்க அரக்கோணம் பக்கத்து வழக்கமா சார்?"

"நான் திருத்தணி சார்" என்றேன். அதற்குள் உள்ளே சமையற்கட்டு வாசலில் ஹேமா நிற்பதைப் பார்த்தேன். கண்கள் சிவந்திருந்தன.

"நீங்கதான் சார் தெய்வமாட்டம் கேட்டாண்ட வந்து சொன்னீங்க, கணக்குல தப்பிச்சிக்கிச்சின்னு" என்றார் அம்மா. "அப்டியே கடைக்குப் போய் வாங்கிக்கினு வந்துட்டேன்."

ரூட் சாரின் வாய் அசைவது நின்றது. மைசூர்பாகை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒரு வழியாக விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அம்மா, நான் சொன்ன தப்பிந்தி தெலுங்கு. நீங்க வாங்கின ஸ்வீட்டு தமிழ்."

அம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் புரிய வைத்தேன். அதைவிடக் கஷ்டமான மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. அம்மா மகள் பக்கம் திரும்பினார்.

"உனுக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா. போன்ல பாத்துட்டேன். நீ சிரிச்சிக்கினே வந்தியா... சொல்ல வாய் வரல."

அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு கோபம் வந்தது.

"ஃபெயிலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா புரிஞ்சிருக்குமே சார்! தெருவே துன்னு முடிச்சிடுச்சே, இப்ப நான் யார் மூஞ்சில முழிக்கறது? அவங்கப்பா வந்தா இன்னா சொல்றது?"

ரூட் சார் அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அன்றுதான் முதல் முறையாகத் துக்கத்தில் அவர் தமிழ் பேசிப் பார்த்தேன்.

"அம்மா, தெலுங்கு தப்பிந்திக்கும் தமிழ் தப்பிச்சதுக்கும் நடுவுல ஒரே ஒரு மாசம்தான். சப்ளிமென்டரி கீது. எழுதட்டும். துன்னவங்க அட்வான்ஸா துன்னாங்கன்னு வெச்சிக்கோங்க. அவங்கப்பாகிட்ட நான் பேசறேன்."

பேசினார். அப்பா ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றார். ரூட் சார் அன்றே வேலையை ஆரம்பித்தார். லீவில் ஷெட்டில் நின்ற பஸ்ஸைப் பரீட்சை ஹாலாக்கினார். கணக்கு வாத்தியார் வினாத்தாள் கொடுப்பார். ஹேமா நடு சீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். ரூட் சார் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். நிற்பது மட்டுமா? இருமுவார், பெருமூச்சு விடுவார், டிரைவரை விட்டு இன்ஜினை உறும வைப்பார், அவள் காதுக்குப் பின்னால், "காளஹஸ்தி, காளஹஸ்தி! எறங்கறவங்க முன்னால வா!" என்று கத்துவார். முதல் வாரம் அந்தப் பெண் விடைத்தாளில் பாதியை அழுதே நனைத்தாள். அப்புறம் ஒரு நாள், தலையைத் தூக்காமலே, "சார், காளஹஸ்தி போயாச்சி, கம்முனு இருங்க. இந்தக் கணக்க முடிச்சிக்கிறேன்" என்றாள். ரூட் சார் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

சப்ளிமென்டரி ரிசல்ட் அன்று அவரே அந்த அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா! தப்பிச்சிச்சி! பொண்ணு தப்பிச்சிச்சி!"

"எந்த பாஷையில சார்? மொதல்ல அத சொல்லுங்க."

"தமிழ்லம்மா, தமிழ்ல!"

அந்த அம்மா இந்தத் தடவை ஸ்வீட் வாங்கவில்லை. தெரு முன்பே தின்றுவிட்டதாம். ஹேமாவுக்கு ஆட்டோமொபைலில் சீட் கிடைத்தது. சுவரில் அவள் பெயரைச் சுற்றி ரூட் சார் மஞ்சள் பெயின்டால் ஒரு பஸ் வரைந்தார். அது பார்ப்பதற்கு எருமை போல இருந்தது. நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஸ்டாஃப் ரூமில் யார் எந்த நல்ல சேதி சொன்னாலும் "எந்த பாஷையில?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் வேலையை விட்டுத் திருத்தணிக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் ஹேமாவிடமிருந்து போன். இப்போது படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். "சார், ரூட் சாருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில உள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க" என்று சொல்லி அழுதுவிட்டு வைத்துவிட்டாள். நான் சட்டையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். அந்த மனிதர் என்னை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறார் என்று யோசித்துக் கோபப்பட முயன்றேன். முடியவில்லை. அவர் இல்லாத திருப்பதிக்கு எந்த பஸ் பிடித்துப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி போன் அடித்தது. பின்னால் ஒரே சத்தம், அவர் மனைவி யாரிடமோ தெலுங்கில் பேசும் குரல். ஹேமா மூச்சு வாங்கினாள்.

"சார், ப்ரமாதம் தப்பிந்தி சார்!"

தப்பிந்தி என்று கேட்டால் எந்தச் சேதியையும் சட்டென்று நம்பாதவன் நான்.

"எந்த பாஷையிலம்மா?"

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு அழுதுகொண்டே சிரித்தாள்.

"ரெண்டுலயும் சார். தெலுங்குல டேஞ்சரு தவறிப் போச்சி, தமிழ்ல சாரு தப்பிச்சிட்டாரு. சாரு பொழச்சிக்கினாரு."

போனை வைத்துவிட்டு, யாருமில்லாத வீட்டில், "பிரமாதம், பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தமிழில்தான்.