பெண் இல்லாத சீதன வீடு

திருகோணமலை,
12.08.1964

அன்புத் தம்பி லாபிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் ஸல்ஹாவுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் குறைவில்லாத சுகத்தைத் தரட்டும். என் முழங்காலைப் பற்றி நீ கேட்கவில்லை. இருந்தாலும் அதுவும் சுகம்.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தை வங்கியில் தூங்க விடாமல், ஒரு சிறு வீடு வாங்கி வாடகைக்கு விடும்படி கொழும்பிலிருந்து மூன்று கடிதம் எழுதினாய். கேட்டேன். வாத்தியாருக்கு வீடு தெரிவு செய்வதும் விடைத்தாள் திருத்துவதும் ஒன்றுதான். கடற்கரைப் பக்கம் பார்த்த முதலாவது வீடு, தலை வாரிப் பவுடர் பூசி வந்து ஒன்றும் எழுதாத பிள்ளை: சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, கிணறு உப்பு. இரண்டாவது கெட்டிக்காரன்தான், ஆனால் குழப்படிக்காரனுக்குப் பக்கத்தில் இருந்தான்: சுவரோடு சுவராக அரிசி ஆலை. மூன்றாவது ஓர்ஸ் ஹில்லில், கடைசி வரிசை வாங்கில் சத்தமில்லாமல் இருந்து சரியாக எழுதும் பிள்ளை. இரண்டு அறை, குசினி, ஓட்டுக் கூரை, நல்ல தண்ணீர். பின்கதவைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதி முடித்தேன்.

நீயும் நானும் ஒன்றை மறந்துவிட்டோம். நம் மக்களில் வீடு வாங்குகிறவன் பெண்ணைப் பெற்றவன். அது மகளுக்குச் சீதனம்; மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பான். நானே முப்பத்தைந்து வருடம் உன் மதினி சுபைதாவின் வீட்டில்தான் இருந்தேன். அவள் மௌத்தாகி மூன்று வருடமாகியும் அங்கேதான் இருக்கிறேன். ஒரே மகன் அன்ஸார் கல்முனையில் மனைவி வீட்டோடு போனான். குறை சொல்லவில்லை, முறை அதுதான். மகள் இல்லாதவன் வீடு வாங்கினால் ஊர் என்ன நினைக்கும்? உறுதியில் மை காயுமுன் கலியாணம் பேசும் நஜ்முன் நிஸா மாமி வந்து நின்றார்.

“ஆருக்கு மாஸ்டர் வீடு?”

“வாடகைக்கு மாமி.”

“மறைக்காதீங்க. சொந்தத்தில ஆரும் கொமருப் புள்ளைக்கா? இல்லாட்டி உங்களுக்கேவா? வெக்கப்படாதீங்க, பல்லு இன்னும் இருக்குதானே.”

அடுத்த கிழமை கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேரை அழைத்து வந்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார்த்தார், கூரை ஓடுகளைக் கம்பால் தட்டிப் பார்த்தார், குசினிக்குள் நின்று கையை விரித்து அளந்தார்.

“வீடு நல்லம். புள்ள எங்க?”

“புள்ள இல்ல.”

கொஞ்சம் யோசித்தார். “பரவாயில்ல மாஸ்டர். வீட்ட முதல்ல பேசி முடிப்பம். புள்ளயப் பிறகு பாப்பம்.”

‘வாடகைக்கு’ என்று பலகை மாட்டினேன். ஊரார் வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். வாடகைக்கு வர நினைத்தவர்களோ, “நாளைக்கு மாப்பிள்ள வந்தா எங்கள எழுப்பிப்போடுவீங்க” என்று போய்விட்டார்கள். ஆனால் பின்னேரமானால் யாராவது வீடு பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களை நிற்க வைத்துப் பேசலாமா? நான்கு கதிரை கொண்டுபோய்ப் போட்டேன். பிளாஸ்கில் தேநீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு நான்கு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் என் வயது, நோய் வருத்தங்கள், யார் சமைக்கிறார்கள் என்று எல்லாம் விசாரிக்கிறார்கள். நான் இரவில் என்ன சாப்பிடுகிறேன் என்று இந்த மூன்று வருடத்தில் வேறு யாரும் கேட்டதில்லை, தம்பி. முதலில் வாசலிலேயே ‘பெண் இல்லை’ என்று சொல்லிவந்தேன். பிறகு தேநீர் குடித்த பின் சொன்னேன். இப்போது இரண்டாவது கோப்பையும் முடிந்த பின்தான் சொல்கிறேன்.

இதற்கிடையில் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருக்கும் யோகலிங்கம் வந்தார். ஊர்க் கதையைக் காதில் வாங்காத மனிதர். மனைவியோடு அடுத்த மாதமே குடிவரக் கேட்டார். வீட்டைக் கொடுத்தால் நான்கு மணிக்கு நான் எங்கே போவது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் முதலீட்டில் மனசுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நீ எழுதியிருந்தாய். பிள்ளை சரியாக எழுதினால் புள்ளி போடத்தான் வேண்டும். நேற்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். பலகையைக் கழற்றினேன். பிளாஸ்கைக் கழுவி அலுமாரியில் வைத்தேன். உன் யோசனை பலித்தது, சந்தோஷப்படு.

பிள்ளைகளுக்கு என் முத்தம். ஸல்ஹாவுக்கு ஸலாம். உங்கள் எல்லாருக்கும் துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் நானா,
ஸைனுலாப்தீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் யோகலிங்கம் முற்பணத்தோடு சைக்கிளில் வந்தார். கூரை ஒழுகுகிறது, திருத்தாமல் தர ஏலாது என்று சொல்லிவிட்டேன். இங்கே மாதக் கணக்கில் ஒரு துளி மழை இல்லை. “எந்த மழையில சேர் ஒழுகினது?” என்று கேட்டார். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவன் நான்; பதிலுக்கு, தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். “ஓம் சேர், அப்ப மாரி மழை முடியட்டும். பிறகு பாப்பம்” என்று சைக்கிளைத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை மூதூரிலிருந்து வீடு பார்க்கப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பனுக்குச் சீனி வருத்தமாம். இனிப்பில்லாமல் என்ன செய்து வைக்கலாம் என்று ஸல்ஹாவிடம் கேட்டு, தந்தியாவது அடி.