ஊசி வேண்டாமென்று கிள்ளான் அத்தானுக்கு அறிவித்தது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 ஜூலை 1996, ஞாயிறு

மதிப்புக்குரிய வல்லிபுரம் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் கனகலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் குணபூசணி அக்காவும் கிள்ளானில் சுகமாக இருப்பீர்களென நம்புகிறேன். இவ்விடத்தில், ஒருவர் நீங்கலாக, யாவரும் நலம். அந்த ஒருவர் நான். வீட்டில் இருப்பதே நானும் மீனலோசனியுந்தான் என்பதால், ஒருவரை நீக்கியபின் எஞ்சும் ஒருவரை "யாவரும்" என்று குறிப்பது இலக்கணப்படி சரிதானா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும் உண்மைக்கு மாறானதை எழுதிக் கையொப்பமிடும் பழக்கம் என்னிடம் இல்லாமையால் வேறு வழி தெரியவில்லை.

சென்ற வாரம் நான் தொலைபேசியில் விஷயத்தைத் தொடங்கியதும் தாங்கள், "எட கனகு, உனக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எனக்கு எது சரியென்று படுகிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தால் கிள்ளானுக்கு எதற்காகத் தொலைபேசி எடுத்திருப்பேன்? ஆகவே முழு விவரத்தையும் எழுத்து மூலம் சமர்ப்பிக்கிறேன்.

நான் ஒழுங்காக இரத்ததானம் செய்பவன் என்பது தாங்கள் அறிந்ததே. இவ்வாண்டும் எமது இலாகா நடத்திய முகாமில் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்து இரத்த வங்கியிலிருந்து, நேரில் வருமாறு ஒரு கடிதம் வந்தது. காரணம் குறிப்பிடப்படவில்லை. நெடுங்காலம் கொடுத்து வருபவர்களுக்குப் பதக்கம் அணிவிக்கும் வழக்கம் இருப்பதால், நான் முழுக்கைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நன்றியுரையாக நான்கு வாக்கியங்களையும் மனத்தில் அமைத்துக்கொண்டு போனேன். அங்கே என்னை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். பதக்கத்தை ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கவேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என் இரத்தத்தில் ஹெப்பாடைட்டிஸ் சி என்ற கிருமியின் அடையாளம் இருப்பதாகவும், இனி நான் இரத்தம் கொடுக்கலாகாது என்றும், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ரமணியைப் பார்க்க வேண்டுமென்றும் சொன்னார்கள். நன்றியுரையின் முதல் வாக்கியத்தை நான் ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டிருந்தேன்.

டாக்டர் ரமணி நம் மகள் வயதுப் பெண். பொறுமைசாலி. நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். சிலவற்றுக்கு இரண்டு முறை. எழுபத்து நான்காம் ஆண்டு ஃபெடரல் நெடுஞ்சாலையில் என் மோட்டார் சைக்கிள் லோரியில் மோதியபோது எனக்கு இரத்தம் ஏற்றினார்கள் அல்லவா, அனேகமாக அதன் வழியாக வந்திருக்கும் என்றார். அந்தக் காலத்தில் இக்கிருமிக்குப் பெயர்கூட வைக்கப்படவில்லையாம், கொடுக்கும் இரத்தத்தில் அதைச் சோதிக்கத் தொடங்கியதே அண்மையில்தானாம். பிறகு எப்படிச் சோதிப்பார்கள், யாரையும் குறைசொல்ல முடியாது என்றார். எந்த அறிவிப்பும் இல்லாமல் இருபது ஆண்டுக்கு மேலாக ஒருவன் என் கல்லீரலில் குடியிருந்திருக்கிறான், எனக்கு ஒரு நாள் தலைவலிகூட இல்லை. பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, கல்லீரலிலிருந்து நூலளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். அதை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று நான் கேட்டதற்கு அங்கிருந்த தாதி சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. வடு விழத் தொடங்கியிருக்கிறது, ஆனால் ஈரல் இன்னும் இறுகிப்போகவில்லை என்பது முடிவு.

இனித்தான் சிக்கல். இன்டர்ஃபெரான் என்றொரு ஊசி உண்டு. வாரத்துக்கு மூன்று முறை, ஆறு மாதம், வேண்டுமானால் அதற்கு மேலும். போட்டுக்கொண்டால் காய்ச்சல், உடல்வலி, சோர்வு, முடி உதிர்தல், மனம் வாடுதல், காரணமில்லா எரிச்சல் ஆகியவை வரக்கூடும். எரிச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்திலிருந்த மீனலோசனி, "அது வந்தால் எனக்கு எப்பிடித் தெரியும் டொக்டர்?" என்று கேட்டாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். இவ்வளவும் பட்டபின், கிருமி அடியோடு போவது ஐந்து பேரில் ஒருவருக்குத்தானாம். ஊசி போடாமலே பலர் கிழவராகி வேறு காரணத்தால் இறக்கிறார்கள். சிலருக்கு மட்டும் ஈரல் கல்லாகிறது. நான் பலரில் ஒருவனா, சிலரில் ஒருவனா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. நல்ல மருந்து பின்னால் வரலாம், வராமலும் போகலாம்.

"அப்படியானால் விதி என்ன, டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரூல் எல்லாம் இல்ல அங்கிள். நீங்கதான் முடிவு பண்ணனும்."

"உங்கள் தகப்பனாராக இருந்தால் என்ன சொல்வீர்கள்?"

"எங்கப்பா நான் சொல்றத என்னைக்கு அங்கிள் கேட்டிருக்காரு?"

வருகிற வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அத்தான், முப்பதாண்டு அரசாங்கச் சேவையில் ஒரு பென்சில் வாங்குவதற்கும் விதி இருந்தது. அரசு ஊழியன் என்பதால் மருந்துச் செலவும் என்னுடையதல்ல. அதைச் சாக்காகச் சொல்லித் தப்பவும் வழியில்லை.

வீட்டு நிலைமையைக் கேளுங்கள். முதல் நாள் மீனலோசனி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் அல்லவா, "ஏ இல்லாட்டிலும் சி கிரெடிட் எல்லோ? என்னத்துக்கு முகத்தைத் தொங்கப் போடுறியள்?" என்று என்னைத் தேற்றினாள். ஹெப்பாடைட்டிஸ் ஏ, பி, சி என்பவை வெவ்வேறு கிருமிகள், மதிப்பெண்கள் அல்ல என்று விளக்கியபின், என் தட்டையும் குவளையையும் தனியாக எடுத்து வைத்தாள். இது தட்டு குவளையால் பரவாது, இரத்தத்தால் மட்டுமே பரவும், சவரக் கத்தியையும் பல் தூரிகையையும் பிரித்தால் போதும் என்று டாக்டர் சொன்னதை நான் நினைவூட்ட, தட்டைத் திரும்ப வைத்துவிட்டு, என் தூரிகையின் பிடியில் சிவப்பு நகப்பூச்சால் பெரிய "சி" ஒன்று எழுதினாள். தினமும் காலையில் அதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறேன்.

எதிர்வீட்டுப் புஷ்பவல்லிக்கு எப்படித் தெரிந்ததோ, கீழாநெல்லியை அரைத்து ஒரு சொம்பு நிறைய மோரில் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணே, இது மஞ்சக் காமாலதானே? எங்க சித்தப்பா மூணே நாளு குடிச்சாரு, நாலாம் நாளு பாசாருக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்தாரு லா!" என்றார். இது அந்தக் காமாலை அல்ல என்று நான் சொன்னதற்கு, என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்து, "ஆமா, மஞ்சளே இல்ல. அப்புறம் என்னா காமால இது? டாக்டருங்க சும்மா பயங்காட்டுறாங்க, ஒண்ணுமில்ல போங்கண்ணே" என்றார். உண்மையைச் சொல்கிறேன், இத்தனை பேரில் எனக்குத் திட்டவட்டமாகத் தீர்ப்புக் கூறியவர் அவர் ஒருவரே. அதனாலேயே அன்று முழுவதும் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. மறுநாள் பழையபடி கூடத்துக்கும் பலகணிக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். கீழே போகிற கொமியூட்டர் ரயில் ஒவ்வொன்றும் கிள்ளானுக்குத்தான் போகிறதோ, ஏறிவிடலாமோ என்று தோன்றுகிறது.

இலாகாவில் நடந்தது இதைவிட மோசம். ஊசி போடுவதென்றால் விடுப்பு வேண்டுமே என்று, முடிவு எதுவானாலும் ஆயத்தமாக இருப்போமென எண்ணி, நிபந்தனையுடன் கூடிய ஒரு விண்ணப்பம் எழுதினேன். விண்ணப்பங்கள் தேசிய மொழியில், பிறமொழிச் சொல் கலவாது இருக்கவேண்டும் என்பது சுற்றறிக்கை. ஆகவே ஹெப்பாடைட்டிஸ் என்று எழுதவில்லை. மலாயில் கல்லீரலும் ஹாத்தி, மனமும் ஹாத்தி. "சாகிட் ஹாத்தி" என்று எழுதினால் மனக்கசப்பு என்றாகும் என்பதை நான் அறியாதவனல்லன். எனவே அகராதியை வைத்து, இலக்கண சுத்தமாக, "பென்யாகிட் ஹாத்தி" என்று எழுதினேன்: ஈரல் நோய். சமயப் பேச்சில் அச்சொல்லுக்கு மனத்தின் பிணி, அதாவது பொறாமை, ஆணவம் முதலியவை என்று பொருள் இருப்பது எனக்குத் தெரியாது. என்னிலும் இளையவரான ஜெயராஜுக்கு, நான் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு கிடைத்த மறுவாரம் அது என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

இலாகாத் தலைவர் துவான் ஹாஜி இஷாக் தங்கமான மனிதர். என் அறைக்கே வந்து, கதவைச் சாத்தி (இப்போதெல்லாம் யார் கதவைச் சாத்தினாலும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்), என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் மலாயில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"வெட்கப்படாதீர்கள், கனகா. இவ்வளவு வெளிப்படையாக எழுத யாருக்குத் துணிவு வரும்? எனக்கும் இந்த நோய் வந்திருக்கிறது."

நான் திடுக்கிட்டேன். "தங்களுக்குமா, துவான்? எப்படி வந்தது?"

"என் மைத்துனன் மாடி வீடு கட்டினான். அன்றைக்கே வந்துவிட்டது."

கட்டட வேலையில் அடிபட்டு இரத்தம் ஏற்றியிருப்பார்கள் என்று நான் ஊகித்தேன். "எத்தனை மாதச் சிகிச்சை?"

"மாதமா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. அவனுக்கு நல்லது நடக்கவேண்டுமென்று பிரார்த்தித்தேன். போய்விட்டது."

"ஊசி போடாமலா!"

"எந்த ஊசி?"

அத்தான், அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத முடியாது. ஊசியில்லாமல் குணமான ஒரு மனிதரைக் கண்ணெதிரே பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குள், விண்ணப்பத்தைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்ட ஜெயராஜ் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, "அண்ணே, எனக்கு இந்தப் போஸ்ட் வேணாண்ணே! நீங்களே எடுத்துக்குங்க! ஒங்க வயித்தெரிச்சல் எனக்கு வேணாண்ணே!" என்று கண் கலங்கி நின்றார். நான் சட்டையை உயர்த்தி, விலாவில் ஊசி குத்திய இடத்தை இருவருக்கும் காட்ட வேண்டியதாயிற்று. விளங்கியதும் துவான் ஹாஜி விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு, தேவைப்படும் நாளெல்லாம் விடுப்பு என்று எழுதி, "போடப் போகிறீர்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "அது உங்கள் முடிவுதான்" என்றார். அவருமா!

எல்லாவற்றையும் சீர்தூக்கியதில் நான் கண்டது வருமாறு. நோயால் நான் ஒரு நாளும் படுத்ததில்லை, மருந்தால்தான் படுக்கப்போகிறேன். ஐந்தில் ஒன்று என்பது எந்தப் பரீட்சையிலும் தேர்ச்சி அல்ல. ஆறு மாதம் காய்ச்சலில் கிடந்து, முடியும் கொட்டி, கடைசியில் டாக்டர் ரமணி தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு நான் எதை நம்பி இருப்பது? இப்போது, இன்னும் முயலாத ஒன்று கையில் இருக்கிறதென்ற தைரியமாவது உண்டு. எனவே ஊசி போட்டுக்கொள்வதில்லை என்றும், புது மருந்து வரும்வரை காத்திருப்பதென்றும் இதனால் தீர்மானிக்கப்படுகிறது. இத்தீர்மானம் இறுதியானது.

தங்களிடம் வேண்டுவது ஒன்றே. வியாழக்கிழமைக்குள் தாங்கள் ஒருமுறை வந்து, இதை மீனலோசனியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் சண்டை பிடித்தால் பதில் சொல்லலாம். போடு என்றோ போடாதே என்றோ ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை. பின்னேரங்களில் எங்கேயோ போய்வருகிறாள். திரும்பி வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அழுகிறாள் என்றே கருதுகிறேன்.

அக்காவுக்கு என் அன்பைத் தெரிவியுங்கள். தங்கள் ஆசியும் தாமதமின்றி வந்து சேரட்டும். அதனுடன் "உனக்குச் சரியெண்டு படுறதைச் செய்" என்ற வாக்கியத்தை மட்டும் இணைக்கவேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

பணிவன்புள்ள,
சி. கனகலிங்கம்

பி.கு. 19 ஜூலை, வெள்ளி. மேற்கண்ட கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை. திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு புறப்படுமுன், ஓர் ஆரஞ்சுப் பழம் தின்னலாமென்று குளிர்பெட்டியைத் திறந்தேன். உரித்ததும் உள்ளேயிருந்து தண்ணீராய்க் கொட்டியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததன் தோலில் உற்றுப் பார்த்தால் வரிசையாகத் துளைகள். பழக்கடைக்காரர் மீது எழுத்து மூலம் முறையிடுவதற்காக மாதிரிகளை ஒரு பையில் இட்டுக்கொண்டிருக்கையில் மீனலோசனி வந்தாள்.

"அந்த மனுசனில பிழை இல்லை. உது நான் குத்தினது" என்றாள். பின்னேரங்களில் ஆஸ்பத்திரித் தாதியிடம் போய் ஊசி போடப் பழகியிருக்கிறாள். முதலில் ஆரஞ்சில், அவள் பேச்சில் தோடம்பழத்தில், பச்சைத் தண்ணீரை ஏற்றிப் பழகச் சொன்னார்களாம். அழுகையென்று நான் கருதியது இதைத்தான்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?" என்றேன்.

"என்னத்தைக் கேக்கிறது? நீங்கள் வேண்டாமெண்டால் தோடம்பழத்தோட போகட்டும். வேணுமெண்டு சொன்னியளெண்டால், அண்டைக்குப் போய் நான் பழகிக்கொண்டு நிக்கேலாது எல்லோ?"

மாதிரிப் பையைக் கீழே வைத்துவிட்டேன். ஐந்தில் ஒன்று என்பதை அவளும் கேட்டவள்தானே, அத்தான். கேட்டுவிட்டுத்தான் பழம் வாங்கப் போயிருக்கிறாள்.

ஆகவே மேற்கண்ட தீர்மானம் இத்தால் ரத்துச் செய்யப்படுகிறது. எழுதியதைக் கிழிப்பது பதிவை அழிப்பதாகும் என்பதால் முழுவதையும் அனுப்புகிறேன். வாசித்துவிட்டு வாசிக்காததாகக் கொள்ளவும். முதல் ஊசி இன்று ஆஸ்பத்திரியில், தாதியின் முன்னிலையில், மீனலோசனி கையால் தொடையில் போடப்பட்டது. இப்போது சிறிது குளிர்கிறது. எழுத்துக் கோணலைப் பொறுத்தருளவும். ஊசி இறங்கியபோது ஓர் அரசாங்க அதிகாரிக்குத் தகாத ஓர் ஒலியை நான் எழுப்பிவிட்டேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம்.

அவள் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "தோடம்பழம் ஒருநாளும் இப்பிடிக் கத்தேல்லை."