எக்செல் தெரிந்த உடும்பு

ஒரு காட்டில் வணிகவியல் கல்லூரி ஒன்று நடந்து வந்தது. காட்டுக்கு எதற்கு வணிகவியல் என்று கேட்கிறவர்கள், அங்கே மரத்துக்கு ஒரு பட்டதாரி சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்க்காதவர்கள். அந்தக் கல்லூரியில் கடைசி வருடம் படித்தாள் அஞ்சுகம் என்ற உடும்பு. அஞ்சுகம் என்றால் கிளி. உடும்புக்கு எதற்கம்மா கிளியின் பெயர் என்று அவளுடைய தாயாரிடம் யாரும் கேட்டதில்லை. தாயாரின் வால் அப்படி.

அஞ்சுகத்துக்கு இருந்தது ஒரே ஆசை. பள்ளத்தாக்கில் கூடும் பெரிய சந்தையில் கடை விரித்து உட்கார வேண்டும், வருகிற போகிற எல்லாரிடமும் வாய் ஓயாமல் பேசி வியாபாரம் செய்ய வேண்டும். அவள் பேச ஆரம்பித்தால் மயிலே விசிறி வாங்கிக்கொண்டு போகும்.

ஆனால் காலம் வேறு மாதிரி இருந்தது. எந்த வேலைக்கு விளம்பரம் வந்தாலும் கடைசியில் ‘கம்ப்யூட்டர் அறிவு அவசியம்’ என்று ஒரு வரி வந்துவிடும். கிணற்றடியில் தவளைகளை விரட்டுகிற வேலைக்குக்கூட அந்த வரி இருந்தது. ஆகவே கல்லூரியிலும் அதை ஒரு பாடமாக வைத்தார்கள்.

பாடம் நடத்தியவர் கொக்கு சபாரத்தினம். ஆய்வகத்துக் கம்ப்யூட்டர்கள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. எப்போதோ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது. காலில் போட்டிருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று வாசலில் பலகை. குளம்பைக் கழற்றத் தெரியாத புள்ளிமான் வராந்தாவிலேயே நின்று, ஜன்னல் வழியாகக் குறிப்பெடுத்துக்கொண்டது.

“எக்செல் என்றால் என்ன? எக்செல் என்பது கட்டங்களால் ஆன ஒரு மென்பொருள் ஆகும். எழுதிக்கோங்க. அந்த ‘ஆகும்’ முக்கியம். அதுக்கு அரை மார்க்கு” என்பார் சபாரத்தினம்.

ஒருநாள் அவர் “மவுஸைப் பிடித்து இடது பக்கம் ஒரு தட்டு தட்டவும்” என்று வாசித்ததும் முன் பெஞ்சிலிருந்த எலி எழுந்து போய் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்துகொண்டது.

அஞ்சுகம் கையைத் தூக்கினாள். “சார், ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?”

“தொட்டா என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியாது சார். அதுக்குத்தான் தொடலாம்னு.”

“பரீட்சையில தொடச் சொல்லிக் கேள்வி வராதும்மா” என்றார் சபாரத்தினம். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

ஆனால் உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது. மதியம் சபாரத்தினம் மீன் சாப்பிடக் குளத்துக்குப் போகும் நேரமாகப் பார்த்து அஞ்சுகம் ஆய்வகத்துக்குள் நுழைந்துவிடுவாள். கூடவே அவளுடைய வகுப்புத் தோழன் ஏகாம்பரமும் வருவான். ஏகாம்பரம் ஒரு பச்சோந்தி. அவனுக்குப் படிப்பில் ஆர்வம் இருப்பதாக யாரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் வருகிற வெதுவெதுப்பான காற்றுக்காக அதன் தலையில் ஏறிப் படுத்துக்கொள்வான். ஒரு கண் வாசலைக் காவல் காக்கும். இன்னொரு கண் சும்மா கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வகுப்பிலிருந்த காட்டுக்கோழிகளின் பெயரையெல்லாம் அஞ்சுகம் தாறுமாறாக அடித்து, ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அத்தனை பெயரும் கணத்தில் அகர வரிசையில் நின்றன. காலை வணக்கத்துக்கே வரிசையில் நிற்காத கோழிகள்! அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து பைத்தியம்தான். ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குத் தேடி எடுத்துவரும் சூத்திரம் மட்டும் பல நாள் அவளிடம் முரண்டு பிடித்தது. எதைக் கொடுத்தாலும் ‘இல்லை’ என்றே பதில். கடைசியில் ஒரு மதியம் சரியான விடை வந்து விழுந்தபோது சந்தோஷத்தில் வாலை ஓங்கி அடித்தாள். விசைப்பலகையிலிருந்து ‘ழ’ எகிறிப் போய் ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. அந்த வருடம் அந்தக் கம்ப்யூட்டரில் ‘தமிழ்’ என்று யாராலும் அடிக்க முடியவில்லை. யாரும் அடிக்காததால் அது தெரியவும் இல்லை.

தேர்வில் ‘எக்செலின் பயன்களை விவரி’ என்று கேட்டார்கள். புள்ளிமான் முதல் மதிப்பெண் வாங்கியது. அஞ்சுகம் தட்டுத்தடுமாறித் தேறினாள்.

அப்புறம் வேலைக்கு நேர்காணல். தேன் விற்கும் நிறுவனம் ஒன்று. அதன் மேலாளர் கரடி கருத்தப்பாண்டி. தேன் நிறுவனத்துக்குக் கரடியை யார் மேலாளராகப் போட்டது என்று விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவின் தலைவரும் கரடிதான் என்பதால் அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

“எக்செல் தெரியுமா?” என்று கேட்டார் கருத்தப்பாண்டி.

“நல்லாத் தெரியும் சார்” என்றாள் அஞ்சுகம், கண்கள் மின்ன.

ஏகாம்பரத்திடமும் அதே கேள்வி. அவன் மெல்ல மேலாளரின் நாற்காலி நிறத்துக்கு மாறினான். “படிச்சேன் சார். கைக்கு வரல. நீங்க பக்கத்துல இருந்து சொன்னா வந்துரும்.”

இருவருக்கும் வேலை கிடைத்தது. விற்பனைப் பயிற்சியாளர்கள். பயிற்சி முடிந்ததும் ஒருவர் பள்ளத்தாக்குச் சந்தையில் புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்குப் போவார் என்றார் கருத்தப்பாண்டி. அஞ்சுகம் அன்றைக்கே சந்தையில் எங்கே வெயில் படும், எந்தப் பக்கம் பார்த்துக் கடை போடலாம் என்று மனதுக்குள் அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில் கருத்தப்பாண்டியின் அறையிலிருந்து உறுமல் கேட்டது. “என் பாஸ்வேர்டை எவன்டா மாத்தினது?”

எல்லோரும் மேசைக்கடியில் பதுங்கினார்கள். அஞ்சுகம் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தாள். கேப்ஸ் லாக் பொத்தான் அழுந்திக் கிடந்தது. ஒரு நகத்தால் அதைத் தட்டிவிட்டாள். திரை திறந்தது.

கருத்தப்பாண்டி அவளைக் கண்கலங்கப் பார்த்தார். “நீ தெய்வம்மா!”

இந்தச் செய்தி மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்கப் பரவியது. மாலையில் போக்குவரத்துப் பிரிவிலிருந்து கழுதைப்புலி வந்தார். “தங்கச்சி, ஒரு நிமிஷ வேலை. இந்தத் தாள்ல கோடு வர மாட்டேங்குது.” மறுநாள் விளம்பரப் பிரிவிலிருந்து மயில் வந்தது. “அஞ்சு, இந்த ஸ்லைடுல ஒரு பூ சுத்திக்கிட்டே வந்து விழணும்டி. விழும்போது மணிச் சத்தம் கேக்கணும். ஒரே நிமிஷம்.” அப்புறம் காகிதம் சிக்கிய பிரிண்டர். அப்புறம் நரியின் கைப்பேசி. அப்புறம் எருமை வந்து நின்றது. “பாப்பா, உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. எங்க ரூம் ஃபேன் ஏன் கடகடங்குது?”

அஞ்சுகம் ஃபேனையும் பார்த்தாள்.

விற்பனைப் பயிற்சி வகுப்புகள் தினமும் பக்கத்து அறையில் நடந்தன. அவள் ஒன்றுக்கும் போக முடியவில்லை. ஏகாம்பரம் போனான். பேசுகிறவரின் சட்டை நிறத்துக்கு மாறி, தலையாட்டிவிட்டு வந்தான்.

எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டால் தொல்லை விடும் என்று அஞ்சுகத்துக்கு ஒரு யோசனை வந்தது. மதிய உணவு இடைவேளையில் வகுப்பு எடுத்தாள். கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். அவள் பட்டியலைச் சுருக்கிப் பிரித்து அட்டவணையாக்கிக் காட்டியபோது கைதட்டினார்கள். கழுதைப்புலி சிரித்துச் சிரித்துப் பாராட்டினார். வகுப்பு முடிந்ததும் மயில் எழுந்து எல்லோர் சார்பிலும் பேசியது. “இவ்வளவு அழகாப் பண்றியே அஞ்சு, நாங்க பண்ணிக் கெடுக்கக் கூடாது. நீயே பண்ணிரு.”

பயிற்சி முடியும் நாள் வந்தது. கருத்தப்பாண்டி அவளைக் கூப்பிட்டார்.

“சந்தைக் கிளைக்கு ஏகாம்பரத்தை அனுப்பலாம்னு இருக்கேன்மா.”

அஞ்சுகம் ஓரடி முன்னால் வந்தாள். “சார், அவனுக்குக் கூவிக்கூட விக்கத் தெரியாது சார்.”

“தெரியாதுதான். அதனாலதான் அனுப்புறேன். அவன் இங்க இருந்தும் பிரயோஜனமில்ல. நீ போயிட்டா என் பாஸ்வேர்டை யாரும்மா பாக்குறது?”

அவள் வெளியே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அழவில்லை. வால் மட்டும் துவண்டு தரையில் கிடந்தது. சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. உற்றுப் பார்த்தால் ஏகாம்பரம். சுண்ணாம்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“எனக்குச் சந்தை வேண்டாம் அஞ்சு.”

“ஏன், ஒனக்கென்ன?”

“அங்க எத்தனை நிறம் தெரியுமா? மிளகாய் ஒரு நிறம், மஞ்சள் ஒரு நிறம், வளையல் கடை பத்து நிறம். எதுக்குன்னு மாறுவேன்? தலை சுத்தும். இங்கன்னா ஒரே சுவரு.” கொஞ்சம் தயங்கினான். “அப்புறம், நீ பட்டியலைப் பிரிச்சுக் காட்டினியே, அதைவிடச் சுருக்கமா ஒரு வழி இருக்கு.”

அஞ்சுகம் நிமிர்ந்தாள். “ஒனக்கு எக்செல் தெரியுமா?”

“கம்ப்யூட்டர் தலைமேலதானே படுத்திருந்தேன். தலைகீழாத் தெரியும்.”

“பாவி, அப்ப ஏன்டா சொல்லல?”

“நீதான் சொன்னியே. என்ன ஆச்சுன்னு பாத்தேன்ல?”

அஞ்சுகத்துக்குக் கோபத்தில் பிளந்த நாக்கின் இரண்டு நுனியும் நடுங்கின. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினான். “நாளைக்கு மட்டும் ஒனக்கு ஒண்ணும் தெரியாம இருக்கட்டும். நீ சந்தைக்குப் போ. நான் சுவரோட இருக்கேன்.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“பொய் எதுக்கு? ‘பாக்கணும் சார்’னு சொல்லு. ‘புது வெர்ஷன் போல இருக்கு சார்’னு சொல்லு. இதெல்லாம் பொய்யில சேராது. பெரிய பெரிய ஆபீஸே இந்த ரெண்டு வார்த்தையிலதான் நடக்குது.”

மறுநாள் நிறுவனத் தலைவரான சிங்கம் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. கருத்தப்பாண்டி பரபரப்பாக அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தார். அஞ்சுகத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“தலைப்பு நடுவுல வரணும்மா.”

“பாக்கணும் சார்.”

கருத்தப்பாண்டி அவளை விநோதமாகப் பார்த்துவிட்டுத் தாமே முயன்றார். ஸ்பேஸ் பொத்தானைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அஞ்சுகம் பல்லைக் கடித்தாள். தலைப்பு அடுத்த வரிக்குத் தாவியது. அதை இழுத்துப் பிடித்தார். அப்புறம் எக்செலில் வரிசையாக இருந்த தேன்குடங்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து மேசைமேலிருந்த கால்குலேட்டரில் கூட்டினார். வந்த விடையை எக்செலில் அடித்தார். நடுவில் ஒரு எண்ணை விட்டுவிட்டார். முதலிலிருந்து கூட்டினார். இந்த முறை வேறு விடை வந்தது.

அஞ்சுகத்தின் நகங்கள் தாமாக விசைப்பலகைப் பக்கம் ஊர்ந்தன. பிடித்ததை விடாத சாதி அவளுடையது. விடுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கைகளை இழுத்து வயிற்றுக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் உருண்டது.

“ஏம்மா, கூட்டுறதுக்கு இதுல ஏதோ குறி இருக்கும்ல? நீதானே அன்னிக்குச் சொன்னே?”

உயிர் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. “புது வெர்ஷன் போல இருக்கு சார்” என்றாள்.

கருத்தப்பாண்டி கால்குலேட்டரைக் கீழே வைத்தார். நீண்ட பெருமூச்சு விட்டார். “எப்படி இருந்த பொண்ணு நீ! வர வர மங்கிப் போயிட்டியேம்மா. உன்னை இங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பேசாம நீ சந்தைக்குப் போ. ஏகாம்பரம் இருக்கட்டும். அவனுக்கும் ஒண்ணும் தெரியாதுன்னாலும் நான் சொல்றதுக்குத் தலையாவது ஆட்டுவான்.”

“சார், சந்தைக்கா சார்?” என்று முகத்தைத் தொங்கப் போட்டாள் அஞ்சுகம். முகம் சொன்னபடி கேட்டது. வால் கேட்கவில்லை. அது துள்ளியதில் மூலையிலிருந்த பூச்சட்டி உடைந்தது. சோகம் தாங்காமல் துடிக்கிறாள் என்று நினைத்துக் கருத்தப்பாண்டி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

சிங்கம் வந்தது, அறிக்கையின் அட்டையை மட்டும் பார்த்தது, அதில் மயில் ஒட்டியிருந்த பூப்படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

பள்ளத்தாக்குச் சந்தையில் அஞ்சுகத்தின் கடை நல்ல வெயிலில் அமைந்தது. வாய் ஓயாமல் பேசினாள். வந்தவர்களுக்கு நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தடவிவிட்டுத்தான் விலையே சொன்னாள். கடை மூலையில் கிளைக்கென்று கொடுத்த மடிக்கணினி ஒன்று இருந்தது. அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, யாரும் இல்லாத நேரம் தலையைத் துண்டுக்குள் விட்டு, அன்றைய கணக்கை ஐந்தாறு தட்டில் முடித்துவிடுவாள். முடித்த பிறகு பாறையில் கிடந்து வெயில் காய்வாள்.

பக்கத்துக் கடை காட்டுப்பன்றி அண்ணாச்சிக்குக் கிழங்கு வியாபாரம். நல்ல மனுஷர். அவளுக்குப் பந்தல் கால் நட்டுக் கொடுத்தவர். ஒருநாள் அவர் துண்டுக்கடியிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, இது ஒனக்கு ஓட்டத் தெரியுமா? எங்கிட்ட ஒரு கிழங்குக் கணக்கு கிடக்கு. ஒரு நிமிஷ வேலைதான்.”

அஞ்சுகம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். செய்து கொடுக்கலாம் என்றுதான் மனம் சொன்னது. அவருக்குப் பின்னால் மிளகாய்க் கடையும் வளையல் கடையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அதெல்லாம் தெரியாது அண்ணாச்சி. சும்மா படம் பாக்க வச்சிருக்கேன்.”

“படமா?” அண்ணாச்சி ஒரு கிழங்கு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் வசதியாகச் சாய்ந்தார். “அப்ப ஒண்ணு போடு, பாப்போம்.”

வேறு வழியில்லை. போட்டாள். மூன்று மணி நேரப் படம். மிளகாய்க் கடை வந்தது, வளையல் கடை வந்தது, சந்தைக்கு வந்த கூட்டம் பாதி வந்தது. சண்டைக் காட்சியில் எல்லோருக்கும் தொண்டை வறண்டது. இடைவேளையில் தேன் விற்றுத் தீர்ந்தது.

படம் முடிந்து எழுந்த அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுடைய தலையில் கை வைத்தார். “கம்ப்யூட்டரை இவ்வளவு உருப்படியா உபயோகிக்கிற பொண்ணை நான் பாத்ததே இல்லம்மா.”

நீதி: கம்ப்யூட்டர் கற்றவருக்கு வேலை நிச்சயம் கிடைக்கும். எல்லோருடைய வேலையும் கிடைக்கும்.